இருபத்துநாலு வயதுக்குத் தைத்த துணி

ஊரிகம்
10.6.2001, ஞாயிறு

அன்பு மகள் சில்வியாவுக்கு, அம்மா பியாட்ரிஸ் உன்னை மாதாவின் பாதத்தில் வைத்து எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தம்பி பிரேம் மூவரும் சுகம். பெங்களூர் ஹாஸ்டலில் நீ சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உனக்காகத் தனியாகப் பத்து மணி சொல்கிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பாவுக்குப் பாதியைத்தான் படித்துக் காட்டினேன். மீதியை நான் மட்டும் மூன்று தடவை படித்தேன்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி உன்னிடம் வந்து, "மேடம், உங்க குழந்தைங்க எந்த ஸ்கூல்ல படிக்கிறாங்க?" என்று கேட்டாளாம். உனக்கு இருபத்துநாலு, அவளுக்கு உன்னைவிட ஒரு வயது கூட என்று எழுதியிருக்கிறாய். கேன்டீனில் எல்லாரும் உன்னை ஆன்ட்டி என்கிறார்களாம். உங்கள் பிரிவுக்குத் தலைவியான மம்தா மேடம் உன்னை அறைக்குக் கூப்பிட்டு, வேலையில் உன்மேல் ஒரு குறையும் இல்லை, மும்பை ஆபீசுக்கு ஒரு வருடம் அனுப்ப இரண்டு பேரைத் தேடுகிறோம், ஜூலை இருபதாம் தேதி பெரியவர்கள் வந்து ஆட்களைப் பார்க்கிறார்கள், உன் பெயரையும் எழுதியிருக்கிறேன் என்றார்களாம். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா இப்படியே வந்து உட்கார்ந்தா கஸ்டமர் உன்கிட்ட பேசமாட்டாரு சில்வியா, ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவாரு" என்று சொல்லிச் சிரித்தார்களாம். அவர்கள் சிரித்தார்கள் என்று எழுதினாய். நீ என்ன செய்தாய் என்று எழுதவில்லை.

கடைசி வரியில், "எல்லாம் நீ தைத்துக் கொடுத்த துணிதானே அம்மா" என்று கேட்டிருக்கிறாய்.

நான் தைத்ததுதான் மகளே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பூசைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிக்கக் கற்றேன். யாரோ துரைசானி கொடுத்த பழைய கவுனைப் பிரித்துப் பிரித்துத் தைக்கக் கற்றேன். ஆபீஸ் என்றால் எனக்குத் தெரிந்தது நம் தங்கச் சுரங்கத்து ஆபீஸ் ஒன்றுதான். அங்கே டைப் அடித்த பெண்கள் சாம்பல் கலர், காபிக் கலர் புடவை கட்டி, முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட் போட்டு, இறுக்கிக் கொண்டை போட்டிருப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆம்பிளைகள் அவர்களைக் கண்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். உத்தியோகத்துக்குப் போகிற பெண்ணுக்கு அதுதான் அழகு என்று நினைத்து உனக்கும் அப்படியே தைத்தேன்.

ரயிலும் ஒரு காரணம். போன செப்டம்பரில் நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பங்காருபேட்டையில் ஏறிய ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து உன் ஆபீஸ் வாசல் வரை பின்னாலேயே வந்தான். நீ வந்து அழுதாய். நம் சுரங்கத்து வீட்டு வரிசையில் பக்கத்து லைன் கங்கம்மா அதே ரயிலில்தான் பெங்களூர் நர்சிங் ஹோமுக்கு ஆயா வேலைக்குப் போகிறாள். அவள்தான் சொன்னாள்: "இன்னாக்கா இதுக்குப் போய் அழுதுகினு. கழுத்துல ஒரு கருகமணி போட்டு அனுப்பு. புருஷன் இருக்கிறவள்னு நெனச்சு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். நம்ம லைன் பொண்ணுங்க பாதி பேரு அப்படித்தான் போறாங்கோ, ஊருக்குள்ள வந்ததும் கழட்டிப் பையில போட்டுக்குவாங்கோ." நம் சபையில் கருகமணி வழக்கம் இல்லைதான். ஆனால் இந்தப் பக்கத்துக் கன்னடக்காரர்களுக்கு அதைப் பார்த்தால்தான் புரியும். ராபர்ட்சன்பேட்டை வளையல் கடையில் வாங்கி உன் கழுத்தில் போட்டேன். அவன் அப்புறம் வரவில்லை.

உனக்குப் புதுத் துணி தைக்கிறேன். இப்போது அங்கே என்ன போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும். யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கருகமணி மட்டும் கழுத்திலேயே இருக்கட்டும். ஏப்ரலில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், ரயில் இல்லை என்றாலும் பட்டணம் பட்டணம்தானே.

அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சுரங்கத்தை மூடி மூன்று மாதமாகியும் ஷிஃப்ட் நேரத்துக்கு எழுந்து ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மும்பைப் பேச்சை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் அவருக்குத் தனியாக எழுதவேண்டாம்.

ஈஸ்டருக்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. வேலை அதிகம் என்று எனக்குத் தெரியும்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா

*

ஊரிகம்
24.6.2001, ஞாயிறு

அன்பு மகள் சில்வியாவுக்கு, அம்மா எழுதுவது. இத்துடன் பார்சல் ஒன்றும் வருகிறது. கங்கம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அதைத் திறக்கும்முன் இதைப் படித்துவிடு, உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை நான் பெங்களூர் வந்தேன். உனக்குச் சொல்லாமல் வந்தேன். எதைத் தைப்பது என்று இங்கே யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆண்டர்சன்பேட்டையில் பேன்ட் தைக்கிற சம்பங்கி அண்ணன் மட்டும்தான், "யக்கா, போட்டுகினு போறவங்கள நேர்ல பாத்துட்டு வா. பாக்காம தெச்சா அது துணியில்ல, திரை" என்றார். அதனால் கங்கம்மாவோடு காலை ரயிலில் ஏறி, உன் ஆபீசுக்கு எதிரே இருக்கிற பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்தேன். கையில் அளவு நோட்டு இருந்தது. கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய நாளின் கவுனிலிருந்து எல்லா அளவும் அதில்தானே இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட வெளியே போனவர்களைப் பார்த்து எழுதிக்கொண்டேன். கண்ணைப் பறிக்கிற துணி யாரும் போடவில்லை. நிறைய பேர் ஒரே கலர்தான், அதற்கு மேல் ஒரு வெளிச்சமான கலர். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாள் போனார்கள், தலை முக்கால் நரை. சாம்பல் கலர் பேன்ட், அதே கலரில் குட்டைக் கோட்டு. நான் உனக்கு எடுத்த அதே சாம்பல்தான். ஆனால் அவர்களைப் பார்த்தால் நாற்பதுகூடச் சொல்லமுடியாது. ஏன் என்று வெகுநேரம் பார்த்தேன். தோள் தையல் சரியாகத் தோள் எலும்பின்மேல் நின்றது. இடுப்பில் துணி உடம்போடு நின்றது, பிடிக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. நான் உனக்குத் தைத்ததெல்லாம் தோளிலிருந்து இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். நாளைக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே துணி விட்டே தைத்துப் பழகிவிட்டது. வராத உடம்புக்கு இப்போதே தைத்துப் போட்டால் வராத வயதும் வந்து உட்காராதா?

சாயந்திரம் ஐந்தரைக்குக் கதவு திறந்து கூட்டமாக வந்தார்கள். கூட்டம் குறைந்தபிறகு ஒரு குடும்பஸ்திரி தனியாக வந்தாள். காபிக் கலர் புடவை, தொளதொள என்று ஜாக்கெட், தோளில் கனமான பை, கழுத்தில் கருகமணி. பாவம், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலோ, மாமியாரோடு கரைச்சலோ, இந்த வயதில் இவளும் ஓடவேண்டியிருக்கிறதே என்று அவளுக்காக மனதுக்குள் ஓர் 'அருள் நிறைந்த' ஜெபம் சொன்னேன். பாதி சொல்லும்போது, ரோட்டைத் தாண்டுவதற்காக அவள் இடது கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

சில்வியா, அது நீ.

கூப்பிடவில்லை. ஸ்டாப் தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். நீ என்னைத் தாண்டிப் போனாய். திரும்பியிருந்தால் பார்த்திருப்பாய். ரயிலில் கங்கம்மா, "இன்னாக்கா, பொண்ணப் பாத்தியா?" என்று கேட்டாள். "இல்லடி, அவ சீக்கிரமே போயிட்டா" என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து தைத்தேன். இரண்டு சுரிதார், கருநீலத்தில் ஒரு பேன்ட், அதே துணியில் கோட்டு, வெண்ணெய் கலரில் ஒரு சட்டை, இளம்பச்சையில் ஒரு சட்டை. கோட்டை மூன்று தடவை பிரித்தேன். முதல் தடவை தைத்து அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கினு நேரா அண்டர்கிரவுண்ட் இறங்கலாம்டி, ஹெல்மெட்டுதான் பாக்கி" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிரேம் அவன் பங்குக்கு, "அக்கா இத்தினி நாள் போட்டுக்கினு போன துணியைப் பாத்தா எங்க பிரின்சிபாலே எந்திரிச்சு நின்னு குட்மார்னிங் சொல்வாரு" என்றான். இத்தனை நாள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பிறகு சம்பங்கி அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அதன்மேலேயே தைத்தேன். உள்ளே துணி விடவில்லை.

கொண்டை போடாதே. முடியைப் பாதி எடுத்து ஒரு கிளிப் போதும். காதுக்கு ஒற்றை முத்து. பவுடரைக் கழுத்து வரை அப்பிக்கொள்ளாதே. செருப்பு பின்பக்கம் மூடினதாக, கொஞ்சமாக உயரம் வைத்ததாக வாங்கிக்கொள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் பெரிய பை வைத்திருக்கவில்லை. நீ சாப்பாட்டு டப்பா, குடை, ஜெபப் புத்தகம், துண்டு எல்லாவற்றையும் சுமக்கிறாய். டப்பாவைத் தனிப் பையில் வை.

தூணுக்குப் பின்னால் நின்றதற்கு என்மேல் கோபப்படு. ஆனால் பதில் போடு.

அம்மா

*

ஊரிகம்
8.7.2001, ஞாயிறு

அன்பு மகள் சில்வியாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. காலைப் பூசை முடிந்து வந்து இன்னும் புடவைகூட மாற்றவில்லை. உடனே எழுதாவிட்டால் எழுதமாட்டேன்.

துணியெல்லாம் அளவாக இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீல பேன்ட் போட்டுப் போன அன்று கேன்டீனில் ஒருவரும் ஆன்ட்டி என்று கூப்பிடவில்லையாம். எந்தக் கடையில் எடுத்தாய் என்று இரண்டு பேர் கேட்டார்களாம். நீ ஊரிகம் என்று சொன்னாயாம், அது எந்த மால் என்று கேட்டார்களாம். அந்த இடத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஆமாம், இந்தத் தடவை முழுக் கடிதத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். மும்பையையும் சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த பக்கம்தான் என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. மம்தா மேடம் மறுபடி கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் ஒரு வருஷம் உன்னை விடுவாரா? கல்யாணமானவங்களைப் பிரிச்சு அனுப்பப் பெரியவங்க யோசிக்கிறாங்க" என்று கேட்டார்களாம். வேலைக்குச் சேரும்போது கொடுத்த தாளில் நீ கல்யாணம் ஆகவில்லை என்றுதான் எழுதினாய். ஆனால் கருகமணியைப் பார்த்து ஆபீசில் ஒவ்வொருவராகக் கேட்க, நீ ஒரு தடவை சும்மா இருந்தாய், அடுத்த தடவை தலையாட்டினாய், அதற்கடுத்த தடவை அவர் குவைத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டாய். இப்போது உண்மையைச் சொன்னால் பத்து மாதமாகப் பொய் சொன்னவள் என்பார்கள். சொல்லாவிட்டால் இல்லாத புருஷனுக்காக மும்பை போய்விடும். என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய்.

அதோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். "ரயிலுக்காகப் போட்டாய், சரி. ஏப்ரலில் நான் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். ஈஸ்டர் அன்று கழற்றி ஜன்னலில் வைத்தேன். ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே ஓடிவந்து நீயே திரும்பப் போட்டுவிட்டாய். ஏன் அம்மா?"

அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

தவக்காலத்தில், சுரங்கத்தை மூடிய இரண்டாவது வாரம், பக்கத்தில் பாலகாட்டில் இருக்கிற தெரசா டீச்சர் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய தங்கை மகன் பவன் இங்கே பாக்டரியில் வேலை பார்க்கிறான். குருத்தோலைப் பவனிக்கு ஒத்திகை பாடும்போது உன்னைப் பார்த்திருக்கிறான், பிடித்துப்போயிருக்கிறது. டீச்சர் சுற்றி வளைக்காமல் கேட்டார்கள்: "பொண்ணு கழுத்துல கருகமணி பாத்தேன் பியாட்ரிஸ். ட்ரெயினுக்குப் போட்டதுதானே? இல்ல, நெஜமாவே எங்கியாவது பேசி முடிச்சிட்டீங்களா?" நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது. ஆமாம் டீச்சர், ட்ரெயினுக்குத்தான் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். "பேசி முடிச்சாச்சு டீச்சர்" என்றேன். டீச்சர் காபியைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

அப்போது அப்பாவுக்கு ஷிஃப்ட் என்று ஒன்றே இல்லை. பிரேமுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. உன் சம்பளம் வருகிற நாளை வைத்துத்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கடவுள் சாட்சியாக அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. இன்னும் இரண்டு வருடம், அப்புறம் நானே நல்ல இடம் பார்த்து நன்றாகச் செய்வேன் என்று மாதாவிடம் பேரம் பேசினேன். ஆனால் ஈஸ்டருக்கு நீ கழற்றிவிட்டு வெறுங்கழுத்தோடு ஸ்டேஷனுக்கு நடந்தபோது, டீச்சர் வீட்டார் பூசை முடிந்து அதே வழியில் வந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் ஓடி வந்தேன். கெட்டவன் பார்க்கக்கூடாது என்று போட்டேன், பிறகு நல்லவனும் பார்க்கக்கூடாது என்று விட்டுவைத்தேன். அந்தக் காபிக் கலரும், இறங்கின தோளும், கொண்டையும்கூட அதற்குள் எனக்கு வசதியாகப் போய்விட்டன. மரியாதைக்காகத் தைத்தேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பாதி உண்மை. நான் தைத்ததில் உன்னை மூடிவைத்தேன்.

நேற்று பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்றார். அபராதமாக ஜெபம் ஏதாவது கொடுப்பார் என்று மண்டியிட்டபடியே காத்திருந்தேன். அவர் வேறொன்றும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "முப்பது வருஷம் நான் கேஜ்ல சுரங்கத்துக்குள்ள இறங்குனேன், ஒருத்தரும் என்னை வேணாம்னு சொல்லலை. அவ மேல ஏறுறா. இன்னாத்துக்குடி காலைப் பிடிச்சு இழுக்கிறே?" என்றார். அப்புறம் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயந்திரம் வந்து, கோலாரில் ஒரு கோடவுனுக்கு வாட்ச்மேன் தேடுகிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து போகிறேன் என்றார். அதனால் வீட்டை நினைத்து நீ எந்த முடிவும் எடுக்காதே. இதை அவர்தான் எழுதச் சொன்னார், நான் அழுத்தி எழுதுகிறேன்.

இருபதாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இது கிடைத்த அன்றே கருகமணியைக் கழற்று. பெரியவர்கள் முன்னால் போய் உட்காரும்வரை வைத்திருக்காதே. மம்தா மேடத்திடம் தனியாகப் போய் நடந்ததைச் சொல். குவைத் புருஷனை எங்கேயாவது சாகடித்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும், எனக்கே தோன்றியது. வேண்டாம் சில்வியா. இன்னொரு பொய்க்குள் உன்னை அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

உள்ளே இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். மம்தா மேடத்துக்கு நான் எழுதியது. நான் தமிழில் சொல்லச் சொல்லப் பிரேம் இங்கிலீஷில் எழுதினான், கீழே கையெழுத்து நான் போட்டிருக்கிறேன். கருகமணி என் யோசனை, பொய்யை ஆரம்பித்தது நான், என் மகள் தாளில் எழுதியதுதான் உண்மை என்று மூன்றே வரி. கவரை ஒட்டவில்லை. படித்துப் பார். உதவும் என்றால் கொடு. அம்மாவின் சீட்டோடு வந்து நிற்க வெட்கமாக இருந்தால் கிழித்துப்போட்டுவிட்டு நீயே சொல். அவர்கள் நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

இருபதாம் தேதிக்கு நீலக் கோட்டும் வெண்ணெய் கலர் சட்டையும் போடு. முந்தின நாளே இஸ்திரி போட்டு மாட்டிவை, சட்டைக் காலர் கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடைதான் தெரியவேண்டும். கழுத்தில் ஒன்றும் வேண்டாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். முகத்தை இறுக்கிப் பெரியமனுஷி மாதிரி வைத்துக்கொள்ளாதே. அதையும் நான்தான் உனக்குப் பழக்கிவிட்டேன். உனக்கு வருகிற சிரிப்பை வரவிடு.

தெரசா டீச்சரிடமும் போய்ச் சொல்லப்போகிறேன். பவனுக்கு இதற்குள் வேறு இடம் பேசியிருப்பார்கள். இருந்தாலும் சொல்லவேண்டும். உனக்குச் சம்மதமா என்று இப்போதும் நான் கேட்கமாட்டேன். நீயாகப் பேச்சை எடுத்தால் ஒழிய இந்த வீட்டில் யாரும் எடுக்கமாட்டோம்.

மும்பைக்கு நீ தேர்வானால் எந்தத் தேதி, எந்த ரயில் என்று ஒரு கார்டு போடு. போவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவாயா? எங்கேயாவது தூரமாகப் போகிறவர்களுக்கு நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவதுதான் நம் வீட்டு வழக்கம், அதைக் கடிதத்தில் போட முடியவில்லை. தங்கவேண்டாம். என்னோடு பேசவேண்டும் என்றும் இல்லை. சாப்பிடாமல்கூடப் போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மும்பை கிடைக்காவிட்டாலும் வா.

நீ வருகிற வழிக்கும், வராமல் போனால் நீ போகிற வழிக்கும் தேவமாதா துணையிருக்க வேண்டிக்கொள்ளும்,
உன் அம்மா,
பியாட்ரிஸ்